ராணியின் ஓய்வுக்கு ஒரு கடற்கரை

கடலே எட்டாத தலைநகரில் ஒரு ராஜா. பெயர் கடம்பராயன். நல்லவன்தான். யோசிப்பதற்கு முன்னால் உத்தரவு போட்டுவிடுவான், அவ்வளவுதான்.

அவன் மகன் சின்னராயனுக்கு இரண்டு வயது முடியவில்லை. நடக்க மாட்டான், ஓடுவான். கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும். அந்த வருஷம் ராஜாவின் முத்திரை மோதிரமே போயிற்று. மூன்றாம் நாள் கிடைத்தது. எப்படி என்று கேட்க வேண்டாம்.

தாதிமார் நாலு பேர் இருந்தும் பிள்ளை அம்மாவை விடாது. ராணி செண்பகவல்லி நின்றபடியே தூங்க ஆரம்பித்தாள். வைத்தியர் நாடி பார்த்தார். மருந்து வேண்டாம், பத்து நாள் ஓய்வு வேண்டும், இல்லாவிட்டால் ராணி படுக்கையில் விழுவது நிச்சயம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராஜா உடனே உத்தரவு போட்டான். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறோம். தாதிமார் வேண்டாம். "நாம் மூன்று பேர் மட்டும். அப்போதுதான் அது ஓய்வு."

ராணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிள்ளை அதற்குள் படிக்கட்டுப் பக்கம் ஓடிவிட்டது. அவளும் பின்னால் ஓடினாள்.

எந்தக் கடற்கரை? சபை கூடியது. ராஜா தங்கும் ஊருக்குச் சாலை வரும், குளம் வரும். ஆகவே அன்று எல்லோருக்கும் ராணியின் உடம்பு மேல் ஒரே அக்கறை.

தளவாய் உக்கிரப்பன் தோணிமுனை என்றார். அங்கே அவருடைய தோப்பு இருக்கிறது. பிரதானி சேஷகிரி சங்குப்பட்டு என்றார். அங்கே அவர் மருமகன் இருக்கிறான். கவிராயர் முத்துவீரு அலையூருக்கு அப்போதே இருபது பாட்டுப் பாடி முடித்திருந்தார். கடலை அவர் பார்த்ததில்லை.

எட்டு நாள் சண்டை நடந்தது. எங்கே அஸ்தமனம் அழகு, எந்த ஊர் மீன் ருசி என்றெல்லாம் பேசினார்கள். ராணி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டாள். தூங்கினாள். பிள்ளை எழுப்பியது. மறுபடி கேட்டாள்.

ஒன்பதாம் நாள் தாண்டவன் எழுந்தான். சபையில் அவனுக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் எழுந்தால் யாரோ மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று மட்டும் தெரியும்.

"மகாராஜா, முன்முகாம் வழக்கத்தை மறந்துவிட்டோமே," என்றான்.

அது பழைய வழக்கம். ராஜா தங்க ஒரு ஊரைச் சொன்னவர், முதலில் தானே அங்கே போக வேண்டும். ராஜா எப்படித் தங்குவாரோ அப்படியே தங்கி, அதே தண்ணீரைக் குடித்து, அதே படுக்கையில் படுத்துவிட்டு வந்து, குலதெய்வத்தின் மேல் ஆணையிட்டு உள்ளதைச் சொல்ல வேண்டும். மூவருக்கும் மகிழ்ச்சி. அரண்மனைச் செலவில் விருந்துதானே.

"அப்படியே தங்க வேண்டும்," என்றான் தாண்டவன். "மகாராஜா இரண்டு வயதுப் பிள்ளையோடு போகிறார். தாதிமார் கிடையாது. மூவர் வீட்டிலும் அந்த வயதில் பேரப்பிள்ளை உண்டு. தூக்கிக்கொண்டு போகட்டும். ஒரே ஒரு நாள்."

"உனக்கென்னப்பா, தனிக்கட்டை," என்று முணுமுணுத்தார் தளவாய்.

போனார்கள். ஒரு நாள் தங்கிவிட்டு வந்தார்கள். தளவாயின் மீசையில் பாதி காணோம். பிரதானி நடக்கும்போதெல்லாம் வேட்டியிலிருந்து மணல் உதிர்ந்தது. கவிராயருக்குக் குரலே இல்லை.

"தோணிமுனை ஆகாது மகாராஜா," என்றார் தளவாய். "கடல் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது."

சங்குப்பட்டில் மணல் அதிகம் என்றார் பிரதானி. அதைப் பிள்ளை தின்கிறதாம், பிடுங்கினால் கடிக்கிறதாம். கவிராயர் ஓலையில் எழுதிக் காட்டினார்: அலை ஓய்வதே இல்லை, பேரனும்.

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மூன்று ஊரையும் கெடுத்தாயிற்று. இப்போது நீ ஒரு இடம் சொல், தாண்டவா. ராணிக்கு அங்கே ஓய்வு கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளை முதல் சபைப் பக்கம் வராதே."

"இந்த அரண்மனைதான், மகாராஜா."

"கடல்?"

"அது தோணிமுனையிலேயே இருக்கட்டும். நீங்களும் இளவரசரும் போய் வாருங்கள். வைத்தியர் ராணிக்கு ஓய்வு என்றுதான் சொன்னார். கடற்கரை என்று சொன்னது நீங்கள்."

ராஜா யோசித்தான். அபூர்வமாக யோசித்தான். பிறகு கேட்டான்: "அங்கே பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?"

தாண்டவன் கும்பிட்டான். "ஒன்பது நாளாக இந்தச் சபையில் அஸ்தமனம் பேசினோம், மீன் பேசினோம். இந்தக் கேள்வியை இப்போதுதான் ஒருவர் கேட்கிறார்."

திரைக்குப் பின்னால் ராணி சிரித்தாள். கொஞ்சம் தாமதமாக ராஜாவும் சிரித்தான். சிரித்த பிறகு பிள்ளையோடு போக மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. துணைக்கு வரச் சொல்லி மூவருக்கும் ஆள் அனுப்பினான். மூவருக்கும் அன்றைக்கே காய்ச்சல்.

ராணி தன் முத்துமாலையைத் தாண்டவனுக்குக் கொடுத்தனுப்பினாள். ஒரு முத்து குறைந்திருந்தது. எங்கே போயிற்று என்று அவன் கேட்கவில்லை. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள்.

பத்தாம் நாள் ராஜா திரும்பி வந்தான். தோளில் பிள்ளை கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. ராஜாவின் காதில் மணல், கன்னத்தில் நகக்கீறல். கிரீடம் என்ன ஆயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. அரண்மனைக்குள் போகவில்லை. நேரே வைத்தியர் வீட்டு வாசலில் போய் நின்று, நாடி பார்க்கச் சொல்லிக் கையை நீட்டினான்.