நைரோபியில் குக்கர் விசில்

"ஏ பிரேமா, குக்கர் நாலு விசில் அடிச்சாச்சு, அணைடி!"

சொன்னது நைரோபியில இருக்கிற ஒரு நர்ஸம்மா. ஆன்லைன்ல நடக்கிற சீன மொழிப் பரிட்சையில. பயபக்தியா, கண்ணை மூடிக்கிட்டு.

பரிட்சை வச்சுக்கிட்டிருந்த மாசிலாமணி நாற்காலியில நிமிந்து உக்காந்தாரு.

பிரேமா அவரோட சம்சாரம்.

ஸ்க்ரீன்ல அடுத்த ஆளு, பெரு நாட்டு லாரி டிரைவர். வணக்கம் சொன்னாரு, பேரு சொன்னாரு, எல்லாம் சீனத்துல. அதே மூச்சுல பிரேமாவை ஒரு அதட்டு.

மூணாவது ஆளும் அதட்டினாரு.

மாசிலாமணி மைக்கை அணைச்சிட்டுத் திரும்பினாரு. பக்கத்துல தாஹிரா டீச்சர். ஆம்பூர்ல சீனம் சொல்லிக் குடுக்கிறவங்க, வயசு இருபத்தேழு. அவங்ககிட்ட நாலு வருஷமா படிக்கிற சிஷ்யர்தான் மாசிலாமணி, வயசு அம்பத்தாறு. இன்னிக்கு அவரு சொல்லிக் குடுத்தவங்களுக்குப் பரிட்சை; அது நல்லபடியா போனாதான் அவரு தனியா வகுப்பு எடுக்கலாம்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க.

"டீச்சர், நான் செத்தேன்."

"என்ன சார் பண்ணி வச்சீங்க?"

"உலகம் பூரா சீனம் வேணும்னு நிக்குது. அறுநூறு பேரு வெயிட்டிங். நீங்களோ பன்னெண்டு பேருக்கு மேல எடுக்க மாட்டேங்கிறீங்க. அதான் வீட்டுலயே பாடத்தை வீடியோ எடுத்தேன். 'நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க'ன்னு இங்கிலீஷ்ல எழுதி அறுநூறு பேருக்கும் அனுப்பிட்டேன். நடுவுல விசில் வந்துச்சு, பிரேமாவை அதட்டினேன்... அதை வெட்ட மறந்துட்டேன்."

டீச்சர் சிரிக்கல. திட்டவும் இல்ல.

"அந்த நர்ஸம்மா பேசின சீனம் எப்படி சார் இருந்துச்சு?"

"வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. உயிரே இல்ல."

"தமிழ்?"



"அச்சு அசல் எங்க வீட்டுப் பேச்சு டீச்சர். கோவம்கூட அப்படியே இருந்துச்சு. பிரேமா கேட்டிருந்தா ஓடிப்போய் அணைச்சிருப்பா."

"ஒரே வீடியோ. ஒரே வாத்தியாரு. அது எப்படி?"

"அதான் புரியல."

"குக்கரை அணைக்கச் சொன்னப்ப யாரைப் பாத்தீங்க?"

"பிரேமாவை."

"சீனம் பேசினப்ப?"

மாசிலாமணி ஸ்க்ரீன் பக்கம் திரும்பினாரு. அங்க அந்த நர்ஸம்மா, பாஸா ஃபெயிலான்னு தெரியாம, அவரு முகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

"சுவத்தை. யார்கிட்டயும் பேசல டீச்சர்."

சொன்னதும் அவருக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு.

சுவத்தைப் பாத்துப் பேசி, உங்களுக்கும் இப்படி ஆயிருக்கா?