அறுபதிலேயே நின்ற திராட்சைக் கொடி

கம்பத்துக்கு மேற்கே பொம்மையனுக்கு அரை ஏக்கர் திராட்சைப் பந்தல். கொடிகளுக்கு வயது அறுபது. பொம்மையனுக்கு அவை உயிர். அவன் பெண்டாட்டி கெஞ்சம்மாளுக்கோ கண்டாலே எரிச்சல். "காய்ப்பு பாதியாப் போச்சு. இந்த வருசமும் இப்படியே இருந்தா வெட்டிப்போட்டு வாழை வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

நல்லவேளையாக ஒரு ஒயின் கம்பெனியிலிருந்து ஆரோக்கியநாதன் என்ற அதிகாரி வந்தார். கிழட்டுக் கொடியின் பழத்தில் வெள்ளை ஒயின் செய்யப் போகிறார்களாம். உரம் கூடாது, மருந்து கூடாது, எல்லாம் 'பயோடைனமிக்' முறை.

"பசுமாட்டுக் கொம்புல சாணத்தை அடைச்சு ஆறு மாசம் மண்ணுல புதைங்க. அப்புறம் அதைத் தண்ணியில கரைச்சு, வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம்னு ஒரு மணி நேரம் கலக்கித் தெளிங்க" என்றார்.

பொம்மையனும் மச்சினன்மார் சடையனும் வீருச்சின்னுவும் தலையாட்டினார்கள். மூன்று தலையும் ஆடிய அழகைப் பார்த்து மனுசன் நம்பிவிட்டார், பாவம்.

கொம்பு இருந்தது மாட்டின் தலையில். அதுதான் சிக்கல்.

"மச்சான், கொம்பைப் புதைச்சா மாடும் கூடவே போயிருமே" என்றான் சடையன்.

"மாட்டைப் புதைக்கச் சொல்லலையே அவரு" என்றான் பொம்மையன்.

"அப்ப மாடு வெளியே இருக்கட்டும். கொம்பு மட்டும் மண்ணுக்குள்ள இருக்கட்டும்" என்று தீர்ப்பு சொன்னான் வீருச்சின்னு.

கொம்பில் சாணத்தை அப்பி, மேலே மண்ணைக் குவித்து, சாக்கால் கட்டினார்கள். மாடு உதறும். இவர்கள் திரும்பக் கட்டுவார்கள். ஆறு மாதம் இதே வேலை. பால் கறக்க வரும் கெஞ்சம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

கலக்குவதில் ஒரு யோசனை தோன்றியது. ஒருவன் வலப்பக்கமும் ஒருவன் இடப்பக்கமும் ஒரே சமயத்தில் கலக்கினால் அரை மணியில் முடிந்துவிடுமே! சடையனும் வீருச்சின்னுவும் ஆளுக்கொரு கம்போடு இறங்கினார்கள். தண்ணீர் அசையவே இல்லை. இரண்டு பேருக்கும் கைதான் வீங்கியது.

அறுவடைக்கு முன்னால் அதிகாரி, "வெள்ளை ஒயினுக்குத் தோல் ஆகாதுங்க, சாறுதான்" என்று பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். அவ்வளவுதான். மூன்று பேரும் உட்கார்ந்து, அரை ஏக்கர் கறுப்புத் திராட்சையையும் ஒவ்வொன்றாகத் தோலுரித்து அனுப்பினார்கள்.

என்ன மாயமோ, ஒயின் அபாரமாக வந்துவிட்டது. ஆரோக்கியநாதன் காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"எல்லாம் கொடியோட வயசு செய்யுற வேலைங்க! வருசா வருசம் நாங்களே வாங்கிக்கிறோம். பாருங்க, லேபிள்கூட அடிச்சாச்சு."

லேபிளில் 'அறுபது வயதுக் கொடியின் வெள்ளை ஒயின்' என்று இருந்தது. கெஞ்சம்மாளே சிரித்துவிட்டாள். பொம்மையனுக்குக் கண் கலங்கியது.

அவர் போன பிறகு வீருச்சின்னு கேட்டான்: "மச்சான், இந்தக் கொடியை நட்டது எப்போ?"

"தை ஒண்ணாந்தேதி. எங்கப்பன் பொங்கல் வச்சிட்டு நட்டாரு."

"அப்ப வர்ற பொங்கலோட அறுபத்தொண்ணு ஆயிருமே! லேபிள் பொய்யாயிரும். கம்பெனிக்காரன் போயிருவான். அக்கா வாழை வச்சிரும்."

இரண்டு நாள் மூவரும் சோறு இறங்காமல் யோசித்தார்கள்.

"தை பொறந்தது கொடிக்கு எப்படித் தெரியும்?" என்றான் சடையன் கடைசியில். "யாராவது சொன்னாத்தானே?"

பொம்மையன் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

மார்கழி கடைசித் தேதி தெரியும்படி ஒரு தினசரிக் காலண்டரைப் பந்தல் காலில் மாட்டினார்கள். அதற்குமேல் தாளைக் கிழிக்கவில்லை. பொங்கலன்று காலையில் ஊரே குலவையிட்டது. மூன்று பேரும் பஞ்சு மூட்டையோடு பந்தலுக்குள் ஓடினார்கள்.

"மச்சான், இதுக்குக் காது எது? இலையா, கணுவா?"

"எதுக்கு வம்பு, ரெண்டுலயும் வைடா!"

பொங்கல் வாழ்த்துச் சொல்ல வந்த ஆரோக்கியநாதன், பந்தல் முழுக்க வெள்ளையாய் அப்பியிருந்த பஞ்சைப் பார்த்துத் திகைத்து நின்றார். வாயைத் திறக்கப் போனவரின் வாயைப் பொம்மையன் பாய்ந்து பொத்தினான்.

"சார், மெதுவா! இதுகளுக்கு இன்னும் மார்கழிதான் நடக்குது."

அதிகாரி கொடியைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "எனக்கும் கொஞ்சம் பஞ்சு குடுங்க" என்றார் கிசுகிசுப்பாக. "அடுத்த மாசம் நான் ரிட்டையர்டு."