சிமினி உடைந்த காலை

வெள்ளைப்பாறை மடத்தில் சீடர் மூத்தவர், குரு இளையவர். புதிதாக வருகிறவர்கள் நரைத்த தாடியைப் பார்த்துச் சீடர் காலில் விழப் போவார்கள். அவர் பதறிப்போய் அடுப்படியைக் கை காட்டுவார். குருவான வடிவம்மை அங்கேதான் இருப்பார். நாற்பத்திரண்டு வயது. மடத்துக்கு வருவதற்கு முன் சோடா கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் பாட்டில் கழுவியவர்.

சீடர் தில்லைவிநாயகம் கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். நன்றி என்ற ஒரு சொல்லைப் பற்றியே மணிக்கணக்கில் பேசக்கூடியவர். அவருக்கு ஒரு குறை இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தபோது ஏழு பேர் கொடுத்த ரத்தம்தான் அவரைப் பிழைக்க வைத்தது. அந்த ஏழு பேர் யார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. சொல்லக் கூடாதாம். பிழைத்த மனுஷருக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

"முகந்தெரியாதவங்களுக்கு எப்படிம்மா நன்றி சொல்றது?" என்று மடத்துக்கு வந்த அன்றே கேட்டார்.

"பருப்பு அடிப்பிடிக்குது. கிண்டுங்க ஐயா," என்றார் வடிவம்மை.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை கேட்டுவிட்டார். ஒவ்வொரு முறையும் ஒரு வேலை கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை.

அன்று அமாவாசை. பேராச்சி என்ற பெண் காலையிலேயே மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மூளைக்காய்ச்சலில் பதினெட்டு நாள் கண் திறக்காமல் கிடந்த பிள்ளை. பிழைத்தால் மடத்தில் அடங்கியிருக்கும் சாமியின் சமாதியை மூன்று சுற்று உருண்டு வருகிறேன் என்று நேர்ந்திருந்தாள். பிள்ளை எழுந்து பள்ளிக்கூடம் போகிறது. ஈரப்புடவையோடு உருள வேண்டும் என்பதால் பேராச்சி பின்கட்டுக் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள்.

அவள் வருவதற்குள் சமாதி விளக்கின் சிமினிக் கண்ணாடியைத் துடைத்து வைத்துவிடலாம் என்று தில்லைவிநாயகம் நினைத்தார். நல்ல எண்ணம்தான். ராத்திரியெல்லாம் எரிந்த சிமினி சுடும் என்பது மட்டும் நினைவில்லை. தொட்டவர் கையை உதறினார். கருங்கல் தரையில் விழுந்து கண்ணாடி நாலா பக்கமும் சிதறியது.

அந்த மடத்தில் எது கொட்டினாலும் ஒரே வைத்தியம், ஒரு வாளித் தண்ணீர். அவரும் அவசர அவசரமாக விளக்குமாற்றால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வாளியைத் தூக்கினார்.

"ஐயா, வாளியக் கீழ வைங்க. நின்ன எடத்துலயே நில்லுங்க."

வாசலில் வடிவம்மை நின்றார். அவருக்குப் பின்னால் பேராச்சியின் மகள் எட்டிப் பார்த்தாள். காலில் செருப்பில்லை.

"பாப்பா, அம்மாகிட்ட போயி, சீயக்காய் தேச்சு நெதானமா குளிக்கச் சொல்லு. அவசரமே இல்லன்னு சொல்லு."

பிள்ளை ஓடியது. வடிவம்மை வெளியே போய் இரண்டு ஜோடிச் செருப்போடு வந்தார். ஒன்றை மாட்டிக்கொண்டு உள்ளே நடந்து, இன்னொன்றைச் சீடரின் காலடியில் வைத்தார்.

தில்லைவிநாயகம் திகைத்துப்போனார். "அம்மா, சன்னதிக்குள்ள செருப்பா?"

"கால் கிழிஞ்சா அந்த ரத்தமும் சன்னதிக்குள்ளதான் சிந்தும். போடுங்க."

அவர் சமாதிப் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"தண்ணி ஊத்தினா என்னம்மா?"

"கல்லு இடுக்குலல்லாம் போயி ஒளிஞ்சுக்கிடும். பொறவு ஒரு மாசம் ஒவ்வொண்ணா வெளிய வரும், ஒவ்வொருத்தர் கால்ல."

கோணியை நாலாய் மடித்துக் கையில் பிடித்துப் பெரிய துண்டுகளைப் பொறுக்கினார்கள். பொறுக்கியதைக் காலி எண்ணெய் டின்னில் போட்டார்கள். விளக்குமாற்றை வடிவம்மை மறுபடி தொடவிடாமல் தனியே ஒதுக்கி வைத்தார். ஈர்க்குக்குள் சிக்கின சில்லு நாளைக்கு அடுப்படியில் உதிரும் என்றார். இரண்டு அட்டைகளைக் கொண்டு ஓரத்திலிருந்து நடுவே தள்ளி வாரினார்கள். அரை மணி ஆனது. தில்லைவிநாயகம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஆச்சும்மா. தரை சுத்தமாயிட்டு."

வடிவம்மை ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச் லைட்டைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தார்.

சுத்தமான தரை முழுக்கப் பொடிப் பொடியாய் மின்னியது. சமாதியின் அந்தப் பக்கம்கூட, பத்தடி தள்ளி, தூணடியில். வெறும் தோளும் முதுகுமாக ஒரு பெண் உருளப் போகிற தரை. சுத்தம் என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறோமே என்று தில்லைவிநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது.

"இத எப்படிம்மா எடுக்கிறது?"

"சப்பாத்திக்குப் பெசஞ்ச மாவு இருக்கில்லா, எடுத்துட்டு வாங்க."

அமாவாசைச் சாப்பாட்டு மாவு உருண்டை உருண்டையாகத் தரைக்கு வந்தது. வெளிச்சம் காட்டிய இடத்திலெல்லாம் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். தேய்க்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். தூணடி, படியடி, கல்லின் இடுக்கு என்று ஓர் இடம் பாக்கியில்லை. பிறகு நனைத்த பழந்துணியால் துடைத்தார்கள். பிறகு மறுபடி டார்ச். தூணடியில் ஒன்று மின்னியது. அதையும் எடுத்தார்கள். மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தபோது கல் கல்லாக மட்டும் இருந்தது.

தில்லைவிநாயகம் மாவு உருண்டைகளை அள்ளிக்கொண்டு தொழுவத்துப் பக்கம் திரும்பினார். மடத்தில் மிஞ்சினது எல்லாம் மாட்டுக்குத்தான், பழக்கம்.

"மாடு என்ன பாவம் பண்ணிச்சு ஐயா?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மாவு, அட்டை, துணி எல்லாம் டின்னுக்குள் போயின. செருப்பின் அடியைத் துடைத்த காகிதமும் போயிற்று. வடிவம்மை மூடியை இறுக்கிக் கட்டி, அடுப்புக்கரியால் மேலே 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதினார்.

"இது யாருக்கும்மா?"

"குப்ப அள்ள வாரவுகளுக்கு."

பேராச்சி சொட்டச் சொட்ட வந்தாள். விழுந்து கும்பிட்டுவிட்டு உருளத் தொடங்கினாள். மகள் கூடவே நடந்து முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். தூணடியைத் தாண்டும்போதெல்லாம் தில்லைவிநாயகம் மூச்சை அடக்கிக்கொண்டார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்று முடிந்து அவள் எழுந்தாள். தோளில் ஒரு கீறல்கூட இல்லை.

"சாமி, எம் புள்ளையக் குடுத்துட்டீரு," என்று சமாதியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சப்பாத்தி இல்லாமல் சோறு மட்டும் இருந்த அமாவாசைச் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். தில்லைவிநாயகம் என்று ஒருவர் அங்கே இருந்ததையே அவள் கவனிக்கவில்லை.

அவர் அடுப்படி வாசலிலிருந்து அவள் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். மனசு நிறைந்திருந்தது. ஓர் ஓரத்தில் சின்னதாக ஒரு நமைச்சலும் இருந்தது.

"அவளுக்கு ஒண்ணுமே தெரியாதேம்மா."

"தெரியாது."

"நாம சொல்லியிருக்கலாமோ?"

வடிவம்மை பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"ஐயாவுக்கு எத்தன வயசு?"

"அறுபத்தஞ்சு."

"வெறுங்காலோட நெறைய நடந்திருப்பீங்க."

"சின்ன வயசுல செருப்பே கிடையாதும்மா. காலேஜ் போறப்பதான் முதல் செருப்பு."

"கண்ணாடி எத்தன தடவ குத்தியிருக்கு?"

தில்லைவிநாயகம் யோசித்தார். பள்ளிக்கூடத்து வராந்தா, கல்யாண மண்டபம், கோயில் பிராகாரம், எத்தனையோ வீட்டு முற்றம், ஆபரேஷன் முடிந்து முதன்முதலாக நாலு எட்டு நடந்த ஆஸ்பத்திரித் தரை. எவ்வளவு யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

"ஒரு தடவைகூட இல்லம்மா."

"அப்ப, ஐயா நடந்த எடத்துலல்லாம் கண்ணாடியே ஒடையலன்னா நெனைக்கீங்க?"

தில்லைவிநாயகம் மெல்லக் கைகளைக் கூப்பினார். எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவது என்று அவர் கேட்கவில்லை.