திருகும் குதிகாலும்

கிரைண்டர் குழவியில் ஒட்டியிருந்த மாவைச் செண்பகம் விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். பாதி மாவு தூக்குச்சட்டியில் விழுந்திருந்தது. பாதி இன்னும் கையில் இருந்தது. அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

"இந்தா வந்துட்டேன்."

அது அவள் வாயில் தானாக வரும். மூத்தார் துண்டைத் தேடினாலும் வரும், பாப்பா சிணுங்கினாலும் வரும். ஒருநாள் மாடு கத்தியதற்குக்கூட அப்படிச் சொல்லிவிட்டு, மாட்டுக்கா சொன்னோம் என்று தனக்குள் வெட்கப்பட்டாள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகு அதைத் தவிர அவள் அதிகம் பேசியதில்லை.

புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். மாசம் ஒரு தடவை வருவான். வீட்டை நடத்துவது அவனுடைய அண்ணன், இவளுக்கு மூத்தார், சுடலைமணி.

மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. செண்பகத்தின் அப்பா ஓட்டியது. கல்யாணத்துக்கு அவர் கொடுத்த சீர் அது ஒன்றுதான். சுடலைமணி அதை ஆசை தீர ஓட்டினார். ஒருநாள் ஸ்டார்ட் செய்ய உதைத்தார், மிதி வெறுமனே இறங்கியது. என்ஜின் மூடியைத் திறந்து பார்க்கலாமென்று திருப்புளியை எடுத்தார். எட்டுத் திருகில் மூன்றின் தலையை மழுங்கடித்துவிட்டுத் திருப்புளியைத் தூக்கி எறிந்தார். வண்டி செத்துப்போச்சு, இனி பழைய இரும்புதான் என்று ஊருக்கும் சொல்லிவிட்டார்.

செண்பகம் மாவு விற்றாள். காற்றாலைக் கம்பெனிக் குடியிருப்பில் எவ்வளவு கொண்டுபோனாலும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் வெயிலில் அவ்வளவு தூரம் தலைச்சுமையாகப் போவதற்குள் மாவு புளித்துவிடும். வண்டி இருந்தால் காலை மாவைக் காலையிலேயே கொடுத்துவிடலாம். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் அப்பா கற்றுக்கொடுத்திருந்தார், இதே வண்டியில்.

போன வாரம் பழைய இரும்பு வியாபாரி வந்து வண்டியைத் தூக்கப் பார்த்தார். வண்டி முழுக்க ஈரத்துணி விரித்திருந்தது. காயட்டும், எடுத்துடுறேன் என்றாள் செண்பகம். அவர் பொழுது சாயும்வரை உட்கார்ந்து பார்த்தார். துணி காயவேயில்லை. அவர் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் இவள் ஒரு செம்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போயிருந்தாள்.

"சனிக்கிழமை மறுபடி வருவாரு," என்றார் சுடலைமணி. "அன்னைக்கு வண்டி மேல துணி கிணி எதையும் பாக்கக் கூடாது நான்."

செண்பகத்தின் தலை ஆடியது. அதுவும் தானாக ஆடுவதுதான்.

அன்று மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில், பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பைபாஸ் ரோட்டுத் திருப்பத்துக்கு நடந்தாள். அங்கே பெனிட்டா ஒர்க்‌ஷாப் வைத்திருந்தாள்.

பெனிட்டாவுக்கு இருபத்திரண்டு வயசு. எதிர் டீக்கடையில் அவளை வாத்தியார் என்பார்கள், பாதி கேலியாகவும் பாதி நிஜமாகவும். அவளிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். செயின் ஏன் சத்தம் போடுது என்று கேட்ட ஒரு போலீஸ்காரர், அன்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து தன் செயினைத் தானே மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுப் போனார்.

"அக்கா," என்றாள் செண்பகம்.

"என்னைவிட நாலு வயசு மூத்தவங்க நீங்க. நான் அக்காவா?"

"தொழில்ல நீங்கதான மூத்தவங்க."

"சரி, கேளுங்க தங்கச்சி."

செண்பகம் வண்டியைப் பற்றிச் சொன்னாள். சனிக்கிழமையைப் பற்றிச் சொன்னாள். உள்ளே ஒரு ஸ்பிரிங் ஒடிஞ்சிருக்கும், மூடியைத் திறந்தா மாத்திடலாம் என்றாள் பெனிட்டா. செண்பகம் அதோடு போகவில்லை. பாப்பாவின் சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்.

"எதுத்துப் பேச வாய் வராதவ என்னக்கா செய்யணும்?"

பெனிட்டா மூலையில் கிடந்த ஓட்டை என்ஜின் ஒன்றைக் காலால் தள்ளிவிட்டாள். கூட்டல் குறி முனையுள்ள ஒரு திருப்புளியைக் கையில் கொடுத்தாள்.

"இதுல ஒரு ஸ்க்ரூ இருக்கு. கழட்டுங்க."

செண்பகம் குந்தி உட்கார்ந்து திருப்பினாள். திருப்புளி துள்ளி வெளியே வந்தது. பாப்பா கிரீஸ் டப்பாவை நோக்கித் தவழ்ந்தது. எழுந்து ஓடித் தூக்கி வந்தாள். மறுபடி திருப்பினாள். ரோட்டில் லாரி ஹாரன் கேட்டது. நம்ம தெரு ஆளுகளோ என்று எட்டிப் பார்த்தாள். திருப்புளி மறுபடி துள்ளியது. திருகின் தலையில் வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

"துரு ஏறியிருக்குக்கா."

"ஆமா."

"எண்ணெய் விடவா?"

"விடுங்க."

விட்டு ஊற வைத்தாள். அப்புறமும் அது அசையவில்லை.

"சரியான பிடிவாதம் பிடிச்ச ஸ்க்ரூவா இருக்கு."

பெனிட்டா கையிலிருந்த வேலையை நிறுத்தினாள்.

"பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுக்குத்தான் அதை அங்க வச்சிருக்கு. அது வேலைய அது பாக்குது."

எழுந்து வந்து திருப்புளியை வாங்கினாள். சாணை மெஷினை ஓட்டவிட்டு, அதன் முனையைக் கல்லில் வைத்துத் தேய்த்தாள். பொறி பறந்தது. செண்பகம் பதறிக் கையை நீட்டினாள். புத்தம்புதுத் திருப்புளி.

"நல்ல சாமானக்கா அது."

"மூக்கு நீளம். உள்ள போனதும் அடியில முட்டிக்கிட்டு நிக்குது. அடியில முட்டினா பக்கத்துல பிடிக்காது."

"கடையில வாங்கினதுதான?"

"கடையில எல்லா ஸ்க்ரூவுக்கும் ஒரே மூக்குதான் தருவாங்க."

முனை மழுங்கிய திருப்புளியை வைத்துப் பார்த்தாள் செண்பகம். சோற்றுப் பானையில் அதனுடைய சொந்த மூடி உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது. சந்தோஷமாகத் திருப்பினாள். துள்ளியது.

"இப்ப என்னக்கா?"

"அழுத்துறது முக்கால், திருப்புறது கால். நீங்க திருப்பிக்கிட்டே இருக்கீங்க."

"அழுத்தத்தானே செய்றேன்."

"உங்க காலப் பாருங்க."

பார்த்தாள். வலது பாதம் தரையில் படிந்திருந்தது. இடது காலின் விரல்கள் மட்டும் தரையில் ஊன்றியிருந்தன, குதிகால் தூக்கியிருந்தது. அடுப்படியிலும் அவள் அப்படித்தான் உட்காருவாள். கிரைண்டர் முன்னாலும், சாப்பிடும்போதும் அப்படித்தான். யார் கூப்பிட்டாலும் எழுந்து ஓடத் தோதாக.

"நான் எப்பவும் இப்படித்தான் உக்காருவேன்."

"தெரியுது," என்று சொல்லிவிட்டுப் பெனிட்டா பஞ்சர் பார்க்கப் போனாள்.

அந்தத் திருகு அன்று வரவில்லை. கிளம்பும்போது பெனிட்டா அந்தத் திருப்புளியை அவளிடமே கொடுத்தாள்.

"நான் கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லலையே அக்கா."

"சனிக்கிழமை வாரேன்," என்றாள் பெனிட்டா.

அன்று முதல் தினமும் விளக்கு வைத்ததும், எட்டுத் திருகுக்கும் மண்ணெண்ணெயில் நனைத்த திரியைச் செண்பகம் ஒட்டி வைத்தாள். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு எறும்பு மருந்து என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலையில் சுடலைமணி பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தார். வண்டியின் அடியில் ஓட்டை அலுமினியச் சட்டி ஒன்று இருந்தது. என்ஜின் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. வண்டிக்கு முன்னால் அவருடைய தம்பி பெண்டாட்டி குந்தியிருந்தாள்.

"மரை கழண்டது வண்டிக்கா, உனக்கா?" என்றார்.

செண்பகம் முதல் திருகில் திருப்புளியை வைத்து அழுத்தினாள். 'டிக்' என்றது. வந்தது.

சுடலைமணி வாய் கொப்பளிக்க மறந்து நின்றார்.

பழைய இரும்பு வியாபாரி டெம்போவோடு வந்து சேர்ந்தபோது, நல்ல தலையுள்ள ஐந்து திருகும் ஒரு துணிமேல் கிடந்தன. சுடலைமணிக்கு ஆள் முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. மிச்சம் மூன்றையும் நானே தொட்டுப் பார்த்து விட்டவன், இவளுக்கா வரப்போகுது என்றார். வார்த்தை அதோடு நிற்கவில்லை.

"இந்த மூடியை இவ தொறந்துட்டா வண்டி இவளுக்கே. யாரும் தொடமாட்டோம். நீங்கதான் சாட்சி."

"அண்ணாச்சி, அப்படியெல்லாம் வாய விடாதீங்க," என்றார் வியாபாரி. "போன தடவையே துணி காயலன்னு போனவன் நான். டெம்போக்காரனுக்கு என்ன பதில் சொல்ல?"

பெனிட்டா வந்தாள். வண்டியைத் தொடவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தாள்.

மழுங்கிப் போன மூன்றில் முதலாவதன் தலையில், பெனிட்டா கொண்டுவந்து வைத்த ரம்பத்தால் செண்பகம் ஒரு கோடு அறுத்தாள். தட்டைத் திருப்புளியை அதில் வைத்து, அதன் தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டினாள். அழுத்திக்கொண்டு திருப்பினாள். முனகிக்கொண்டு வந்தது. நடுவில் சோப்பு எங்கே என்று உள்ளேயிருந்து கேட்டார்கள். இந்தா வந்துட்டேன் என்று போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டாவதும் வந்தது.

கடைசித் திருகு அடியில் இருந்தது, கால் வைக்கிற கம்பிக்குப் பின்னால். ரம்பம் அங்கே போகாது. பெனிட்டா மடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினாள். வால்வு தேய்க்கிற பசை, மணல் மாதிரி சொரசொரப்பாக இருக்கும், திருப்புளியை வழுக்க விடாது. செண்பகம் அதை ஒரு பொட்டு எடுத்துத் திருகின் தலையில் அப்பினாள். மூக்கு அறுத்த திருப்புளியை வைத்தாள்.

சுடலைமணி குனிந்து பார்த்தார். துணிமேல் ஏழு திருகு கிடந்தன. நிமிர்ந்து வியாபாரியின் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

உட்கார்ந்ததும் கூப்பிட்டார். கண்ணாடி எங்கே என்றார். அது அவர் சட்டைப் பையில்தான் இருக்கும்.

"இந்தா வந்துட்டேன்."

அவள் எழுவதற்கும் திருப்புளி துள்ளுவதற்கும் சரியாக இருந்தது. கண்ணாடியை எடுத்துக் கொடுத்துவிட்டு ஓடி வந்து பார்த்தாள். திருகின் தலையில் மிச்சமிருந்த விளிம்பும் பாதி போயிருந்தது.

பெனிட்டா எழுந்து வந்து பார்த்தாள்.

"இன்னும் ஒரு தடவைதான் தாங்கும்," என்றாள்.

வியாபாரி டெம்போக்காரனிடம் கயிற்றை எடுக்கச் சொல்லவா வேண்டாமா என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

செண்பகத்துக்குக் கண் கலங்கியது. புறங்கையால் துடைத்தாள். கருப்பு ஆயில் கன்னத்தில் கோடாக இழுத்தது. புதுசாக ஒரு பொட்டு பசை அப்பினாள். திருப்புளியைப் பொருத்தினாள். நிமிராமலே கேட்டாள்.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டேனே அக்கா. வாய் வராதவ என்ன செய்யணும்னு."

"நல்லா உக்காருங்க," என்றாள் பெனிட்டா.

செண்பகம் குந்தியிருந்த நிலையிலிருந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிந்திக் கிடந்த ஆயில் புடவையில் ஏறியது. ஏறட்டும் என்று விட்டாள். இரண்டு காலையும் நீட்டி, இரண்டு குதிகாலையும் மண்ணில் புதைய ஊன்றினாள். திருப்புளியின் பிடியை நெஞ்சுக்குக் கொடுத்து, உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தாள்.

"செண்பகம்," என்றார் சுடலைமணி உள்ளேயிருந்து. "வந்தவருக்குத் தண்ணி கொண்டா."

"இந்தா வந்..."

பாப்பா பெனிட்டாவின் மடியிலிருந்து அம்மாவைப் பார்த்தது. வியாபாரி, எனக்குத் தண்ணி வேணாம் அண்ணாச்சி என்று மெதுவாகச் சொன்னார். அது உள்ளே கேட்டிருக்காது.

மறுபடி கூப்பிட்டார். மறுபடியும். பிறகு நாற்காலி நகரும் சத்தமும் செருப்புச் சத்தமும் கேட்டன. சத்தம் வாசல்வரை வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது. செண்பகத்தின் கைக்குள் அப்போது திருகு கால் சுற்று திரும்பியிருந்தது.

ஆரம்பித்த வார்த்தையை அவள் முடிக்கவேயில்லை.