மூணு தடவை கேட்டுட்டு எடுத்த வேலி

ஒரு ஊர்ல சடைச்சின்னு ஒருத்தி இருந்தா. புருஷன் இல்ல, பிள்ளை இல்ல, அவளுக்குன்னு இருந்ததெல்லாம் ஒரு பூசணித் தோட்டமும் அதைச் சுத்தி ஒரு முள்வேலியும்தான். பூசணி காய்ச்சா வருஷம் பூரா சோறு, காய்க்கலைன்னா பட்டினி. பக்கத்து வீட்டுல மூக்காண்டின்னு ஒருத்தன், ஆடு நிறைய வச்சிருந்தான், ஆனா உடம்பு வணங்காது. விறகு வெட்டச் சொன்னா இடுப்பு வலிக்கும், தண்ணி எடுக்கச் சொன்னா தோள்பட்டை வலிக்கும், சோறு திங்கச் சொன்னா மட்டும் எங்கயும் வலிக்காது.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். பக்கத்து வீட்டு முறமோ உலக்கையோ வேணும்னா வாசல்ல நின்னு மூணு தடவை கூப்பிடணும். பதில் வரலைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தம், எடுத்துட்டுப் போயிட்டு பொழுது சாயறதுக்குள்ள திருப்பி வச்சிடணும். நல்ல வழக்கம்தான், ஆனா மூக்காண்டி கையில சிக்குனா எது நல்லா இருக்கும் சொல்லுங்க?

ஒரு நாள் அவனுக்கு நெல்லு அவிக்க விறகில்ல. சடைச்சி சந்தைக்குக் கிளம்புற வரைக்கும் காத்திருந்தான், அப்புறம் தோட்டத்துப் பக்கம் வந்து, "சடைச்சி, வேலியை எடுத்துக்கவா"ன்னு முணுமுணுத்தான். முதல் தடவை சொன்னது அவன் காதுக்கே கேக்கல. ரெண்டாந்தடவை உதடு மட்டும் அசைஞ்சுது. மூணாந்தடவை கொட்டாவிதான் வந்துச்சு. பதில் வருமா? வராது. வேலியைப் பிடுங்கினான், அடுப்புல வச்சான், நெல்லும் அவிஞ்சுது.

சடைச்சி திரும்பி வந்து பாக்குறா, மூக்காண்டியோட ஆடுங்க அவ தோட்டத்துல விருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. ஒரு மூலையில கொஞ்சம் கொடிதான் மிச்சம். மண்ணுல உக்காந்து அழுதா, பாவம், அழாம என்ன செய்வா. அப்புறம் எந்திரிச்சு மூக்காண்டிகிட்ட போயி கேட்டா, கேட்டுட்டுத்தானே எடுத்தேன், வேணும்னா சாம்பலைத் திருப்பி வச்சிடறேன்னான். ஊர்த் தலைவர்கிட்ட போயி அழுதா, அவன்தான் கேட்டிருக்கானேன்னார். கடைசியா ராசாகிட்ட போனா.

ராசான்னா கையில வாளோட நிப்பார்னு நினைக்காதீங்க, இந்த ராசா தலையணையோட நிப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாச்சேங்கிற அவசரத்துல, "மூணு தடவை கேட்டானா? பதில் வரலையா? அப்ப எடுத்தது சரிதான், இது நாடு முழுக்கச் சட்டம்"னு சொல்லி தமுக்கு அடிக்கச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டார்.

சடைச்சி வெளிய வந்து, ராசா குறட்டை விடுற சத்தம் கேக்குற வரைக்கும் வாசல்லயே நின்னா. கேட்டுச்சு. "ராசா, உங்க கோட்டைக் கதவை எடுத்துக்கவா"ன்னா. குறட்டை. இன்னொரு தடவை கேட்டா, குறட்டை. மூணாந்தடவையும் குறட்டைதான். உடனே களையெடுக்கப் போன பொம்பளைங்களை எல்லாம் கூட்டியாந்து கதவைக் கழட்டினா. காவக்காரன் என்ன செஞ்சான்னு கேளுங்க. தமுக்கு அடிச்சதே அவன்தான், அதனால சட்டத்தை மதிச்சு அவனும் ஒரு பக்கம் தூக்கிவிட்டான்.

கோட்டைக் கதவு பூசணிக் கொடிக்கு வேலியாச்சு. ஆடுங்க வந்து முட்டிப் பாத்துச்சு, முடியல, சரி கதவில்லாத இடம் எதுன்னு தேடிக்கிட்டு நேரா அரண்மனைக்குப் போச்சு. ராணியோட மல்லிகைப் பந்தலைத் தின்னுச்சு, யானைக்கு வச்ச கரும்பைத் தின்னுச்சு, கொடியில காஞ்ச ராசாவோட பட்டு வேட்டியையும் தின்னுச்சு. ராசா கண்ணு முழிச்சு, கோவணத்தோட சடைச்சி தோட்டத்துக்கு ஓடியாந்தார். சிரிக்காதீங்க, ராசாவாச்சே, கொஞ்சம் மரியாதை குடுங்க.

"யாரைக் கேட்டு என் கதவை எடுத்த?"

"உங்களைத்தான் ராசா. மூணு தடவை கேட்டேன்."

"நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்டி."

"நான் சந்தையில இருந்தேன் ராசா."

ராசா, ஆடுங்க தின்னு போட்ட கொடியைப் பாத்தார், தன் கோவணத்தைப் பாத்தார், அப்பத்தான் புத்தி வந்துச்சு. அடுத்தவங்க பொருளைத் தொடணும்னா அவங்க காதுல விழுற மாதிரி கேக்கணும், அவங்க வாயால சரின்னு சொல்லணும், சும்மா இருந்தா சம்மதம்னு எவனும் சொல்லக் கூடாதுன்னு சட்டத்தை மாத்தினார். சடைச்சியைக் கேட்டுட்டுக் கதவைத் திருப்பி எடுத்துக்கிட்டார். மூக்காண்டியைக் கூப்பிட்டு, சடைச்சிக்கு வருஷத்துச் சோத்துக்கு உன் நெல்லைக் குடு, தோட்டத்தைச் சுத்தி கிளுவைக் குச்சி நடு, அது துளிர்த்து அடர்த்தியாகுற வரைக்கும் நீயே வேலியா நில்லு, அவளைக் கேக்காம நகரக் கூடாதுன்னார்.

மூக்காண்டி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு வெயில்ல நின்னான். அவன் ஆடே வந்து அவன் வேட்டியை மேஞ்சுது. சாப்பாட்டு நேரம் வந்துச்சு. "சடைச்சி, சாப்பிடப் போகட்டுமா"ன்னான், இந்தத் தடவை முணுமுணுக்கல, ஊருக்கே கேட்டுச்சு. பதிலில்ல. மறுபடி கத்தினான். பதிலில்ல. மூணாந்தடவை தொண்டை கிழியக் கத்தினான்.

சடைச்சி குடிசைக்குள்ள இருந்து மெதுவா வந்தா, வாயில இருந்த சோத்தை மென்னு முழுங்கினா, அப்புறம் சொன்னா: "முதத் தடவையே கேட்டுச்சுண்ணே. போக வேண்டாம்."

கிளுவை துளிர்த்துச்சு, பூசணி காய்ச்சுது, மூக்காண்டி வயிறு காஞ்சுது, கதையும் முடிஞ்சு போச்சு, படுங்க.