தேயிலை இல்லாத தேநீர்

முன்னொரு காலத்தில், மேகம் இறங்கி வீதியில் நடமாடும் மலைநாடு ஒன்றை வீரகேதன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் தனக்கு ஒன்று பிடித்துவிட்டால் ஊருக்கே பிடிக்க வேண்டும் என்பான்.

கடல் கடந்து வந்த வணிகர்கள் அவனுக்குத் தேயிலையை அறிமுகப்படுத்தினார்கள். "அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது, உடம்பும் கனக்காது" என்றார்கள். அவர்கள் குடித்தது வெறும் இலை ஊறிய வெந்நீர். அரசன் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

உடனே மடைப்பள்ளி அதிகாரி பூவராகன் முன்னால் வந்தான். அமைச்சர் சாத்தையனைவிட அரசனுக்கு நெருங்கியவனாக ஆக வேண்டும் என்பதே அவனுடைய ஆசை.

"அரசே, இதைத் தங்கள் தகுதிக்கு ஏற்றபடி நான் மாற்றித் தருகிறேன்!"

சுண்டக் காய்ச்சிய பாலில் இலையைப் போட்டு, ஏலம் தட்டி, கரும்புப் பாகை வழிய வழிய ஊற்றினான். அரசன் சொக்கிப்போனான். சபையில் எல்லோருக்கும் அதே தேநீர், காலையிலும் மாலையிலும். அரசன் கையால் தருவதை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

படைத்தலைவர் மாறப்பனும் சொல்லவில்லை. அரசனும் அவரும் ஒன்றாக விளையாடி வளர்ந்தவர்கள். சில வருஷங்களில் மாறப்பனுக்கு ஓயாத தாகம், உடல் சோர்வு. பிறகு காலில் ஒரு புண் வந்தது, ஆறவே இல்லை. வைத்தியர் பார்த்துவிட்டு, "நீரிழிவு. இனிப்பைத் தொடக் கூடாது" என்றார்.

நண்பனுக்கு நோய் என்று மட்டும் கேள்விப்பட்ட அரசன் துடித்துப்போனான். "தேநீர் மருந்தல்லவா! மாறப்பன் வீட்டுக்குத் தினமும் ஒரு குடம் அனுப்புங்கள்" என்று கட்டளையிட்டான்.

மாதங்கள் ஓடின, புண் பெரிதாகிக்கொண்டே போனது. ஒருநாள் சபையில் சாத்தையன் எழுந்தார். "அரசே, இலையில் நன்மை இருக்கலாம். நாம் அனுப்புவது இலை அல்லவே."

"அமைச்சருக்குப் பொறாமை அரசே!" என்றான் பூவராகன். "நான் கண்ட மருந்துக்கு நல்ல பெயர் வந்துவிட்டதே என்று!"

அரசனுக்குக் கோபம் வந்தது. "நான் குடிப்பது தேநீர் இல்லை என்று நிரூபியும். முடியாவிட்டால் பதவியை விட்டு விலகும்."

மறுநாள் சாத்தையன் தாமே ஒரு பாத்திரத்துடன் சபைக்கு வந்தார். "புது இலை அரசே. சுவைத்துச் சொல்லுங்கள்."

அரசன் குடித்தான். "ஆகா! பூவராகா, நீயும் குடித்துப் பார். எந்த மலை இலை இது?"

பூவராகன் கண்ணை மூடி உறிஞ்சினான். "வடக்கு முகடு, அரசே. விடியற்காலைப் பனியில் கிள்ளிய கொழுந்து. குடிக்கும்போதே நெஞ்சு லேசாகிறது, பாருங்கள்!"

"வடக்கு முகட்டில் கேழ்வரகு விளைகிறதா? எனக்குத் தெரியாதே" என்றார் சாத்தையன்.

"கேழ்வரகா?"

"கருக வறுத்த கேழ்வரகு, பால், ஏலம், கரும்புப் பாகு. இதில் ஒரு தேயிலைகூட இல்லை அரசே. இலை இல்லாததை நீங்கள் இருவரும் கண்டுபிடிக்கவில்லை. நாம் இத்தனை நாளும் பாகைக் குடித்துக்கொண்டு அதைத் தேநீர் என்று சொல்லிவந்தோம்."

பூவராகனின் முகம் தொங்கிப்போனது. அரசன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். சபையும் சிரித்தது. சட்டென்று அரசனின் சிரிப்பு நின்றது.

"அப்படியானால் மாறப்பனுக்கு நான் அனுப்பியது?"



அரசன் பல்லக்குக்குக் காத்திராமல் மாறப்பன் வீட்டுக்கு நடந்தே போனான். மாறப்பன் கட்டிலில் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. முந்தின நாள்தான் எடுத்திருந்தார்கள். பார்வையும் மங்கியிருந்தது. தலைமாட்டில் அன்றைய குடம், பாதி காலியாக.

அரசன் அதை அப்புறப்படுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். "இனிப்பைத் தொடக் கூடாது என்று வைத்தியர் சொன்னாராமே மாறா. பிறகும் இதை ஏன் குடித்தாய்?"

"நீ அனுப்பியதாயிற்றே."

"அவ்வளவு பிடித்திருந்ததா?"

மாறப்பன் லேசாகச் சிரித்தார். "எனக்குச் சின்ன வயசிலிருந்தே இனிப்பு பிடிக்காது. நீ கேட்டதே இல்லை."

அரசன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். மழைக்காலம் தொடங்கும் முன்பே மாறப்பன் இறந்துபோனார்.

பூவராகன் பதவி இழந்து ஊரைவிட்டுப் போனான். சாத்தையனுக்கு அரசன் சபை நடுவே பொற்காப்பு அணிவிக்க வந்தான். அவர் கையை நீட்டவில்லை.

"இதை முன்பே செய்திருக்க வேண்டும் அரசே. உங்களுக்குக் கோபம் வராமல் எப்படிச் சொல்வது என்று யோசித்தே நாளைக் கடத்திவிட்டேன்."

"உம்மை அப்படி யோசிக்க வைத்தவன் நான்தானே" என்றான் அரசன். காப்பைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

அதன்பிறகு அந்தச் சபையில் யார் வந்தாலும் அரசன் முதலில், "உங்களுக்கு என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டாமா?" என்று கேட்பானாம். கேட்டுவிட்டு, அவர்கள் தயக்கம் நீங்கி வாய் திறக்கும்வரை பேசாமல் காத்திருப்பானாம்.