பத்தாவது பேட்ஜ்

நாலு மணிக்கு நேர்காணல் பட்டியல் மூடிவிடும். மெர்லின் மூன்றே முக்காலுக்கு நர்சிங் கல்லூரியின் பயிற்சிக்கூடத்துக்குள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

அந்தக் கல்லூரியில் ஒவ்வொரு வேலையைக் கற்றதற்கும் ஒரு டிஜிட்டல் பேட்ஜ் உண்டு. கட்டுப் போட ஒன்று, ரத்த அழுத்தம் பார்க்க ஒன்று. பத்தும் சேர்ந்தால்தான் பெரிய ஆஸ்பத்திரி நேர்காணலுக்குப் பெயர் போகும். மெர்லினின் ஃபோனில் ஒன்பது இருந்தன. பத்தாவது, நரம்பில் சலைன் ஊசி ஏற்றுவது. அதற்குத் தவமணி மேடம் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். மேடம் அவளைவிட ஏழு வயதுதான் மூத்தவர். ஆனால் பட்டன் விஷயத்தில் லேசில் மசிய மாட்டார்.

"மேடம், ரப்பர் கையில இருபது தடவை ஏத்திட்டேன். ஒண்ணுகூட தப்பல."

"பார்த்தேன்."

"அப்புறம் ஏன் மேடம் பேட்ஜ் இன்னும் வரல? இருபது போதாதா?"

மேசைமேல் ரப்பர் கை கிடந்தது. மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே ஒரே இடத்தில் பொத்தல் பொத்தலாக இருந்தது. வருஷக்கணக்காக எல்லோரும் குத்திய இடம் அது. அங்கே தூங்கிக்கொண்டே குத்தினாலும் சிவப்புத் தண்ணீர் வரும்.

மேடம் அதை நகர்த்தி வைத்துவிட்டு, அந்த இடத்தில் தன் இடக்கையை நீட்டினார்.

"ஏத்து."

மெர்லின் கை கழுவி, உறை மாட்டி, ரப்பர் பட்டையைக் கட்டி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே குத்தினாள்.

ஊசியில் ரத்தம் ஏறவில்லை. மேடம் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"சாரி மேடம். ரப்பர் கையில இங்கதானே இருக்கும்."

"எனக்கு அங்க இல்ல."

பஞ்சை வைத்து ஒட்டிவிட்டு மேடம் வலக்கையை நீட்டினார்.

"மேடம், ஆறு நிமிஷம்தான் இருக்கு. நான் நேர்காணலுக்குப் போறேன்னு அம்மா ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. பட்டனை அழுத்திடுங்க மேடம். மிச்சத்தை வார்டுல போய்க் கத்துக்கிறேன்."

"யாரு கையில?"

மெர்லினுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. புது உறை மாட்டினாள். பட்டையைக் கட்டினாள். இந்த முறை ஊசியைத் தொடவில்லை. விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. சற்று மேலே தடவினாள். அங்கேயும் இல்லை. சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. முழங்கை மடிப்புக்குப் பக்கத்தில், தோலுக்கு அடியில் ஏதோ மெத்தென்று அமுங்கி எழுந்தது. விரல் அங்கேயே நின்றது.

வெளியே கல்லூரி மணி அடித்தது.

"மேடம், நாலு மணி ஆயிடுச்சு" என்றாள். விரலை மட்டும் எடுக்கவில்லை.

"நரம்பு கிடைச்சுதா?" என்றார் மேடம்.